எட்டில் ஆறு: ஸ்டான்லி கோப்பை முதல் சுற்றுக் கணிப்புகளை எப்படி எடைபோடுவது

ஏப்ரல் பாதி கடந்ததும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் எல்லோரும் கணிப்பில் இறங்கிவிடுகிறார்கள். ஸ்டான்லி கோப்பைக்கான என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) பிளே ஆஃபின் முதல் சுற்றில் எட்டுத் தொடர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் எந்த அணி வெல்லும், எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்று எழுதிவைப்பார்கள். "டொராண்டோ, ஆறு ஆட்டங்களில்", "டாலஸ், ஏழு ஆட்டங்களில்" என்ற வடிவில் இவை இருக்கும். இரண்டு வாரங்களில் பெரும்பாலான பட்டியல்களில் இரண்டு மூன்று தொடர்கள் தவறியிருக்கும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது குழப்பம் தருகிறது. ஆறு மாதம் ஆடி முதலிடம் பிடித்த அணி, கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த அணியிடம் தோற்பது எப்படி? அப்படித் தோற்குமானால் கணிப்பில் என்ன பொருள் இருக்கிறது? நல்ல கணிப்புக்கும் வெறும் ஊகத்துக்கும் வேறுபாடு உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்த வேறுபாட்டைப் பிடிக்க, போட்டி அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

யார் யாருடன் மோதுகிறார்கள்

லீகில் 32 அணிகள். அவை கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாநாடுகளாக, அதாவது பெருங்குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள். கிழக்கில் அட்லாண்டிக், மெட்ரோபாலிட்டன். மேற்கில் சென்ட்ரல், பசிபிக். 2024-25 பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடியது.

பிளே ஆஃபுக்கு 16 அணிகள் செல்லும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பிடித்த அணிகள் நேராக நுழையும். மீதமுள்ளவற்றில், மாநாட்டுக்கு இரண்டு அணிகள் புள்ளி அடிப்படையில் 'வைல்டு கார்டு' இடங்களைப் பெறும். 2013-14 முதல் நடைமுறையில் உள்ள இந்த அமைப்பில், கணிப்பவர் மறக்கக் கூடாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரிவில் முதலிடம் பெற்ற அணி வைல்டு கார்டு அணியுடன் மோதும். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் தங்களுக்குள் மோதும். ஆகவே எட்டுத் தொடர்களில் நான்கு, ஏறக்குறைய சம பலம் கொண்ட அணிகளுக்கு இடையே நடப்பவை. ஒரே பிரிவில் ஆண்டு முழுவதும் முட்டி மோதிய அணிகள் அவை. இந்த நான்கில்தான் பட்டியல்கள் அதிகம் சறுக்குகின்றன.

ஐபிஎல் பிளே ஆஃப்போல ஒரே ஆட்டத்தில் முடிவாவதில்லை. முதலில் நான்கு வெற்றி பெறும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள். மேலிடத்தில் உள்ள அணிக்கு 1, 2, 5, 7 ஆகிய ஆட்டங்கள் சொந்த அரங்கில். கூட்டத்தின் ஆரவாரத்தைத் தாண்டிய ஒரு நன்மையும் சொந்த அரங்கில் கிடைக்கிறது. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது, எதிரணி யாரைக் களமிறக்குகிறது என்று பார்த்த பிறகு தன் வீரர்களை மாற்றும் உரிமை உள்ளூர் அணிக்கு உண்டு. எதிரணியின் நட்சத்திரத்துக்கு எதிராகத் தன் சிறந்த தடுப்பு வீரரை நிறுத்தப் பயிற்சியாளருக்கு இது வழி தருகிறது.

கோப்பை வரை போக நான்கு தொடர்கள், 16 வெற்றிகள் தேவை.

புள்ளிப் பட்டியல் சொல்லாதவை

கணிப்பவர் முதலில் பார்ப்பது புள்ளிப் பட்டியலைத்தான். அது நல்ல தொடக்கம். ஆனால் அதில் மூன்று மறைவுகள் உள்ளன.

1. தோற்றாலும் ஒரு புள்ளி. வென்றால் இரண்டு புள்ளி; 60 நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம்; கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி. இதன் விளைவைப் பாருங்கள். ஓர் அணி 45 வென்று, 37 ஆட்டங்களில் 60 நிமிடத்துக்குள் தோற்றால் 90 புள்ளி. இன்னோர் அணி 40 வென்று, 32 ஆட்டங்களில் அப்படித் தோற்று, மேலும் 10 ஆட்டங்களில் கூடுதல் நேரத்தில் தோற்றாலும் அதே 90 புள்ளி. இரண்டாவது அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

2. பிளே ஆஃபில் இல்லாத ஓர் ஆட்டமுறை. வழக்கமான பருவத்தில் கூடுதல் நேரம் ஐந்து நிமிடம்தான். கோல்கீப்பர் போக அணிக்கு மூன்று பேர் மட்டும் ஆடுவார்கள். பரந்த தளத்தில் வேகமும் தனித்திறமையும் உடையவர்களுக்கு அது கொண்டாட்டம். அதிலும் முடிவு கிடைக்காவிட்டால் ஷூட் அவுட். பிளே ஆஃபில் இவை இரண்டும் கிடையாது. ஐந்து பேருக்கு ஐந்து பேர், 20 நிமிடப் பகுதிகளாக, ஒரு கோல் விழும்வரை ஆட்டம் நீளும். 1936-இல் டெட்ராய்ட், மான்ட்ரியல் மரூன்ஸ் அணிகள் ஆறாவது கூடுதல் பகுதிவரை ஆடின. 2020-இல் டாம்பா பே, கொலம்பஸ் ஆட்டம் ஐந்தாவது கூடுதல் பகுதியில் முடிந்தது. கொலம்பஸ் கோல்கீப்பர் யூனஸ் கோர்பிசாலோ 85 ஷாட்களைத் தடுத்தும் தோற்றார். மூவர் ஆட்டத்திலும் ஷூட் அவுட்டிலும் புள்ளி சேர்த்த அணியின் இடத்தைக் கணிப்பவர் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும்.

3. இரண்டு மாநாடுகளும் சமமல்ல. 2025-இல் மேற்கில் கால்கரி 96 புள்ளிகள் எடுத்தும் வெளியேறியது; அதே 96 புள்ளிகளுடன் செயின்ட் லூயிஸ் சமநிலை விதிப்படி உள்ளே சென்றது. கிழக்கில் மான்ட்ரியல், நியூ ஜெர்சி அணிகளுக்கு 91 புள்ளிகளே போதுமானதாக இருந்தன. ஆகவே "வைல்டு கார்டு அணி" என்ற ஒரே பெயர் வெவ்வேறு தரங்களைக் குறிக்கிறது.

ஏழு ஆட்டத்தின் கணக்கு

ஓர் அணி சற்றே மேலானது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் அதற்கு 55 விழுக்காடு வெற்றி வாய்ப்பு. ஐஸ் ஹாக்கியில் இது மதிக்கத்தக்க முன்னிலை. ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 61 விழுக்காடு. ஆட்டத்துக்கு 60 விழுக்காடு என்று உயர்த்தினால் தொடர் வாய்ப்பு 71 ஆகிறது. தொடர் நீள நீள மேலான அணிக்குச் சாதகம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்குக் கூடுவதில்லை. 61 என்றால், பத்துத் தொடர்களில் நான்கில் பலவீனமான அணி வெல்லும் என்று பொருள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. எட்டுத் தொடர்களிலும் மேலான அணிக்கு 61 விழுக்காடு வாய்ப்பு இருந்து, கணிப்பவர் ஒவ்வொன்றிலும் சரியான அணியையே தேர்ந்தெடுத்தாலும், எட்டும் பலிக்கும் வாய்ப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. சராசரியாக ஐந்து பலிக்கும். எனவே ஐந்து பலித்த ரசிகரை ஏளனம் செய்ய இடமில்லை. எட்டும் பலித்தவரை ஞானி என்று கொண்டாடவும் காரணமில்லை.

இரண்டாவது செய்தி ஆட்ட எண்ணிக்கை பற்றியது. கணிப்புகளில் "ஆறு ஆட்டங்களில்" என்ற சொல் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது? 55 விழுக்காடு அணி நான்கு ஆட்டங்களில் வெல்லும் வாய்ப்பு 9, ஐந்தில் 16, ஆறில் 19, ஏழில் 17 விழுக்காடு. ஆறு என்பதே மிக உயர்ந்த எண். வழக்கத்தால் எழுதினாலும் கணக்குப் போட்டு எழுதினாலும் விடை ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறந்த விடைகூட ஐந்தில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாகவே பலிக்கும். ஆட்ட எண்ணிக்கையை வைத்து ஒருவரின் அறிவை அளப்பது நியாயமில்லை.

கோல்கீப்பர்

பிளே ஆஃப் பேச்சு எப்போதும் கோல்கீப்பரிடம் வந்து நிற்கும். காரணம் எளிது. கோலை நோக்கி வரும் ஷாட்களில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கிறார் என்பது அவருடைய தடுப்பு விகிதம். சமீபப் பருவங்களில் லீக் சராசரி 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. லீகின் மிகச் சிறந்தவர் 92.5 தொடுவார். ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று கொண்டால், சராசரி கோல்கீப்பர் 3 கோல் விடுவார், சிறந்தவர் 2.25. ஒரே கோலில் முடிவாகும் ஆட்டங்கள் நிறைந்த விளையாட்டில் முக்கால் கோல் மிகப் பெரிது.

ஆனால் ஒரு தொடர் ஆறு ஆட்டம்தான். அதில் 180 ஷாட். சிறந்தவருக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து கோல். பக் எனும் ரப்பர் வட்டு தடுப்பு வீரரின் கால்களில் பட்டுத் திரும்புவது, கம்பத்தில் மோதுவது போன்ற தற்செயல்களாலேயே அந்த நான்கைந்து கோல் ஏறவும் இறங்கவும் முடியும். அதாவது 82 ஆட்டங்களில் தெளிவாகத் தெரிந்த மேன்மை, இரண்டு வாரத் தொடரில் முழுமையாக மறைந்துபோகலாம். சாதாரணமானவர் அந்த இரண்டு வாரத்துக்குப் பெரும் சுவராக மாறவும் செய்யலாம். 2010-இல் கிழக்கின் எட்டாம் இடத்து மான்ட்ரியல், 121 புள்ளி எடுத்த வாஷிங்டனிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து மீண்டு வென்றது. ஆறாவது ஆட்டத்தில் மான்ட்ரியல் கோல்கீப்பர் யரோஸ்லாவ் ஹாலாக் 54 ஷாட்களில் 53-ஐத் தடுத்தார். அந்த இரவை எந்தப் புள்ளிவிவரத்தாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

கோல்கீப்பர் சிறந்தவர் என்பதால் ஓர் அணியைத் தேர்வது சரியான காரணம். அவர் இருக்கும்வரை தோல்வியே இல்லை என்று எழுதுவது தவறான காரணம்.

2025 முதல் சுற்று: ஒரு பரிசோதனை

2025 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய முதல் சுற்றை எடுத்துக்கொள்வோம். புள்ளிப் பட்டியலில் மேலே இருந்த அணியையே எட்டுத் தொடர்களிலும் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு ஆறு பலித்திருக்கும். டொராண்டோ ஒட்டாவாவையும், வாஷிங்டன் மான்ட்ரியலையும், கரோலினா நியூ ஜெர்சியையும், வின்னிபெக் செயின்ட் லூயிஸையும், டாலஸ் கொலராடோவையும், வேகாஸ் மின்னசோட்டாவையும் வென்றன. நான்கு பிரிவு முதல்வர்களும் தப்பினார்கள்.

தவறிய இரண்டும் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதிய தொடர்கள்:

1. டாம்பா பே (102 புள்ளி) – ஃப்ளோரிடா (98). ஃப்ளோரிடா ஐந்து ஆட்டங்களில் வென்றது.
2. லாஸ் ஏஞ்சலிஸ் (105) – எட்மன்டன் (101). எட்மன்டன் ஆறு ஆட்டங்களில் வென்றது.

இந்த இரண்டு அணிகளும் யார்? 2024 இறுதிப் போட்டியில் மோதியவை. ஃப்ளோரிடா நடப்பு சாம்பியன். இரண்டுக்கும் எதிரணியுடன் இருந்த இடைவெளி நான்கே புள்ளி, அதாவது ஆறு மாதத்தில் இரண்டு வெற்றி. ஆகவே பட்டியலைத் தாண்டிப் பார்த்தவர்களுக்கு இவற்றைத் தேர்வதற்கு வலுவான காரணங்கள் கண்முன்னே இருந்தன.

ஃப்ளோரிடாவின் 98 புள்ளி, ஏப்ரலில் களமிறங்கிய ஃப்ளோரிடாவின் அளவே அல்ல. பிப்ரவரியில் காயமடைந்த மேத்யூ டிகாச்சக் முதல் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். பாஸ்டனில் காலமெல்லாம் ஆடிய பிராட் மார்ஷண்ட் மார்ச் மாதம் இந்த அணிக்கு மாறியிருந்தார். 20 ஆட்டத் தடையில் இருந்த தடுப்பு வீரர் ஆரன் எக்பிளாட் மூன்றாவது ஆட்டத்தில் சேர்ந்தார். பருவம் முழுவதும் அணிகளைக் கட்டிப்போடும், அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு, அந்த ஆண்டு பிளே ஆஃபில் பொருந்தவில்லை என்பதும் இதில் சேரும். டாம்பாவின் சொந்த அரங்கில் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களையும் ஃப்ளோரிடாவே எடுத்துக்கொண்டது.

லாஸ் ஏஞ்சலிஸ் தொடர் இன்னும் படிப்பினை நிறைந்தது. இரண்டும் தொடர்ந்து நான்காவது ஆண்டாக முதல் சுற்றில் சந்தித்தன. முந்தைய மூன்றிலும் எட்மன்டனே வென்றிருந்தது. ஆனால் இந்த முறை லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சொந்த அரங்கு. பருவத்தில் அங்கே அது 31 வென்று, 60 நிமிடத்துக்குள் தோற்றது வெறும் ஆறு. அந்த நம்பிக்கையில் அதைத் தேர்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு ஆட்டங்களை அது வென்றும் காட்டியது. பிறகு எட்மன்டன் கோல்கீப்பரை மாற்றியது. ஸ்டூவர்ட் ஸ்கின்னருக்குப் பதில் கால்வின் பிக்கார்ட். மூன்றாவது ஆட்டத்தின் இறுதியில் எட்மன்டனை 4-4 என்று சமநிலைக்குக் கொண்டுவந்த கோலை எதிர்த்து லாஸ் ஏஞ்சலிஸ் பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்டார். அது நிராகரிக்கப்பட்டால் இரண்டு நிமிடத் தண்டனை என்பது விதி. நிராகரிக்கப்பட்டது. ஓர் ஆள் குறைவாக நின்ற அந்த நேரத்தில், பத்து விநாடியில் எட்மன்டனின் எவன் பூஷார்ட் கோல் அடித்தார். அங்கிருந்து எட்மன்டன் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. இந்தத் திருப்பத்தை யாரும் எழுதிவைத்திருக்க முடியாது. ஆனால் நட்சத்திர வீரர்கள் கானர் மெக்டேவிட், லியோன் டிரைசைட்டல் இருவரும் ஆடும் அணிக்கு எதிராக இரண்டு ஆட்ட முன்னிலை போதாது என்று எழுதியிருக்க முடியும்.

பலித்த ஆறிலும் உறுதியானவை குறைவு. டாலஸ் தன் பருவத்தின் கடைசி ஏழு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு வந்தது. மீரோ ஹைஸ்கனன், ஜேசன் ராபர்ட்சன் இருவரும் காயத்தால் இல்லை. எதிரே கொலராடோவில், 2022 கோப்பைக்குப் பிறகு முழங்கால் காயத்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆடாத தலைவர் காப்ரியல் லாண்டஸ்கோக் தொடரின் நடுவில் திரும்பினார். ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அதே ஆண்டு ஜனவரியில் கொலராடோ வேறு அணிக்கு மாற்றிவிட்ட மிக்கோ ரான்டனன், டாலஸுக்காக மூன்று கோல் அடித்துத் தன் பழைய அணியை வெளியேற்றினார். கொலராடோவைத் தேர்ந்தவர் தோற்றார். ஆனால் அவருடைய காரணங்கள் டாலஸைத் தேர்ந்தவரின் காரணங்களைவிட எந்த வகையிலும் பலவீனமானவை அல்ல.

வின்னிபெக் தொடர் அதைவிட நெருக்கம். 116 புள்ளியுடன் லீகிலேயே முதலிடம். அவ்வாண்டின் சிறந்த கோல்கீப்பர், சிறந்த வீரர் என்ற இரு விருதுகளையும் வென்ற கானர் ஹெலபக் அந்த அணியின் கோலைக் காத்தார். 96 புள்ளி செயின்ட் லூயிஸுக்கு எதிராக, வெளியூரில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஹெலபக் பாதியில் களத்திலிருந்து எடுக்கப்பட்டார். ஏழு ஆட்டங்களையும் உள்ளூர் அணியே வென்றது. ஏழாவதில், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நுழையும்போது வின்னிபெக் 1-3 என்று பின்தங்கியிருந்தது. 1.6 விநாடி மீதமிருக்கையில் அதன் வீரர் கோல் பர்ஃபெட்டி சமன் செய்தார். இரண்டாவது கூடுதல் பகுதியில் ஆடம் லோரி முடித்துவைத்தார். அந்த 1.6 விநாடி இல்லாவிட்டால் எட்டில் ஆறு என்பது எட்டில் ஐந்தாகியிருக்கும்.

"இறுதி வார ஓட்டம்" என்ற பிரபலமான வாதமும் இங்கே அடிவாங்கியதைக் கவனியுங்கள். செயின்ட் லூயிஸ் பருவ முடிவுக்குச் சற்று முன் 12 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்தது, வெளியேறியது. டாலஸ் ஏழு தோற்று வந்தது, முன்னேறியது. இரண்டே எடுத்துக்காட்டுகளால் அந்த வாதம் முழுக்கப் பொய்யாகிவிடாது. ஆனால் அதை மட்டும் நம்பி அணியைத் தேர்பவரிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

காரணமே சொல்ல முடியாத தோல்விகள்

2019-இல் டாம்பா பே 62 ஆட்டங்களை வென்று 128 புள்ளி குவித்தது. அதன் வீரர் நிகிடா குச்சரோவ் தனியாளாகவே கோல்களும் கோலுக்கான உதவிகளுமாக மொத்தம் 128 சேர்த்த ஆண்டு அது. முதல் சுற்றில் எதிரே, அதுவரை ஒரு தொடரைக்கூட வென்றிராத கொலம்பஸ். முதல் ஆட்டத்தில் டாம்பா 3-0 என்று முன்னேறி, 3-4 என்று தோற்றது. பிறகு அடுத்த மூன்று ஆட்டங்களிலும் வீழ்ந்தது. லீகின் முதலிட அணி முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது அதுவே முதல் முறை. அதே சுற்றில் வாஷிங்டன், நாஷ்வில், கால்கரி என மற்ற மூன்று பிரிவு முதல்வர்களும் தோற்றார்கள். ஜனவரி தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் கோப்பையைத் தூக்கியது.

2023-இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று இரண்டு லீக் சாதனைகளைப் படைத்தது. 92 புள்ளி ஃப்ளோரிடாவை 3-1 என்று முந்தியிருந்து, ஏழாவது ஆட்டத்தில் கார்ட்டர் வெர்ஹேகியின் கூடுதல் நேரக் கோலில் விழுந்தது.

டாம்பாவையும் பாஸ்டனையும் தேர்ந்தவர்கள் சரியாகத்தான் கணித்தார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 80 விழுக்காடு வாய்ப்புள்ள அணியும் ஐந்தில் ஒரு முறை தோற்கும். டாம்பா நிர்வாகமும் அப்படியே கருதியது. அணியின் மையத்தைக் கலைக்கவில்லை. 2020-இல் அதே கொலம்பஸை முதல் சுற்றில் ஐந்து ஆட்டங்களில் வென்று, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பையை எடுத்தது.

ஒரு பிழை அடுத்த சுற்றுக்கு எப்படிப் போகிறது

முதல் சுற்றுக் கணிப்புக்கு மற்றொரு விளைவும் உண்டு. இந்த அமைப்பில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அணிகளை மறுபடி வரிசைப்படுத்துவதில்லை. கட்டம் முன்பே வரையப்பட்டுவிடுகிறது. ஆகவே ஒரு தொடரில் தவறிய பெயர், இரண்டாம் சுற்றிலும் அதே கட்டத்தில் தவறாகவே நிற்கும்.

2025-இல் ஃப்ளோரிடாவைத் தவறவிட்டவர் அடுத்து டொராண்டோ – டாம்பா என்று எழுதியிருப்பார். நடந்தது டொராண்டோ – ஃப்ளோரிடா, ஏழு ஆட்டங்களில் ஃப்ளோரிடா வென்றது. எட்மன்டனைத் தவறவிட்டவர் வேகாஸுக்கு எதிராக லாஸ் ஏஞ்சலிஸை நிறுத்தியிருப்பார். எட்மன்டன் வேகாஸை ஐந்து ஆட்டங்களில் முடித்தது. ஆறு தொடர்களைச் சரியாகச் சொன்ன புள்ளிப் பட்டியல், தவறிய அந்த இரண்டிலும் இறுதிப் போட்டியாளர்களையே இழந்துவிட்டது. ஜூன் மாதம் ஃப்ளோரிடாவும் எட்மன்டனும் மீண்டும் இறுதியில் மோதின; ஆறு ஆட்டங்களில் ஃப்ளோரிடா கோப்பையைத் தக்கவைத்தது.

அடுத்த ஏப்ரலில் ஒரு ரசிகரின் பட்டியல் கையில் கிடைத்தால், பிரிவு முதல்வர்கள் ஆடும் நான்கு தொடர்களை வேகமாகக் கடந்துவிடுங்கள். அங்கே பெரும்பாலோர் ஒரே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதும் நான்கு தொடர்களுக்கு அவர் என்ன காரணம் சொல்கிறார், காயத்திலிருந்து திரும்புபவர்களையும் மார்ச்சில் வந்து சேர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்திருக்கிறாரா என்று நிதானமாகப் படியுங்கள்.